வலது பக்கத்து வெள்ளைக் கோடு

மெக்கானிக் எத்திராஜ் செய்தித்தாள் பொட்டலத்தைப் பிரித்து, உள்ளே இருந்த எட்டு புஷ்களையும் பூங்காவனத்தின் மேசைமேல் உருட்டிவிட்டான்.

“மூணே வாரம். எட்டுல ஆறு பூட்ச்சு. இன்னாக்கா ரப்பர் ஊத்துன நீ? கொழுக்கட்டை மாவே தேவலாம்.”

ரப்பரை அச்சில் அழுத்தும் பிரஸ்ஸின் கைப்பிடியைச் சுற்றிக்கொண்டிருந்த வேலைக்காரி முனியம்மா அப்படியே நின்றாள். பூங்காவனம் ஒரு புஷ்ஷை எடுத்துக்கொண்டு வெளிச்சத்துக்காகக் கதவோரம் போனாள்.

புஷ் என்பது பார்வைக்கு ஒன்றுமில்லாத சாமான். கட்டைவிரல் நீளத்துக்கு ஒரு இரும்புக் குழாய். அதற்குள் அதைவிட ஒல்லியாக இன்னொரு குழாய். இரண்டுக்கும் நடுவே, இரண்டையும் ஒட்டிப் பிடித்தபடி ரப்பர். அவ்வளவுதான். ஆனால் சாலைப் பள்ளத்தில் காரின் சக்கரம் இறங்கி ஏறும்போது, சக்கரத்தைப் பிடித்திருக்கும் இரும்புக் கையும் கூடவே இறங்கி ஏற வேண்டும். கதவுக்குக் கீல் போல அந்தக் கைக்கு ஏதாவது வேண்டும். அந்தக் கீல்தான் புஷ். அது போனால் ஸ்டியரிங் தன் இஷ்டத்துக்கு ஆடும், டயர் ஒரு பக்கமாகத் தேயும், கார் டொக் டொக்கென்று முனகும்.

இந்த எட்டும் ஆனந்தன் சாருடைய காருக்காக அவள் செய்தவை. அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு பம்ப் கம்பெனியில் சாமான் வாங்கும் பிரிவுக்கு அவர் அதிகாரி. வாரம் முழுக்க ஸ்கூட்டரில் வருபவர், ஞாயிற்றுக்கிழமை மட்டும் பச்சை நிறத்தில் இரண்டே இரண்டு சீட் வைத்த பழைய இங்கிலீஷ் ஸ்போர்ட்ஸ் காரை வெளியே எடுப்பார். அதற்குப் புஷ் இந்தியாவில் எங்கும் கிடைக்காது. ஆறு மாதமாக அவருடைய கம்பெனி வாசலில், பம்பையும் மோட்டாரையும் இணைக்கும் கப்ளிங் ரப்பர் ஆர்டருக்காக நடந்துகொண்டிருந்த பூங்காவனத்திடம் அவர் ஒரு நாள் சொன்னார்: “என் காருக்கு எட்டு புஷ் செஞ்சு குடும்மா. அது தாங்குதான்னு பார்த்துட்டு ஆர்டருக்கு உன் பேரை எழுதறேன்.”

அவளிடம் இருந்தது அதே எஸ்டேட்டின் வாடகை ஷெட்டில் ஒரே ஒரு கைப்பிரஸ். சில்லறை வேலைகளை வைத்துத்தான் ஷெட்டும் முனியம்மாவும் ஓடிக்கொண்டிருந்தார்கள். கப்ளிங் ஆர்டர் வராவிட்டால் தீபாவளியோடு ஷெட்டைப் பூட்டிவிட்டு, பதினோரு வருஷம் கூலிக்கு வேலை பார்த்த பழைய ரப்பர் ஃபேக்டரிக்கே திரும்பிப் போக வேண்டியதுதான். அங்கே சூப்பர்வைசர் அவளை இன்றுவரை ‘ஏய்’ என்றுதான் கூப்பிடுவார்.

“உங்க எஸ்டேட் டீக்கடையில கேட்டுப் பாரு, எல்லாரும் சிரிக்கிறான்” என்றான் எத்திராஜ். “கொழுக்கட்டை புஷ்ஷுன்னு பேரே வச்சிட்டான்.”

“பேரு வச்சது யாரு?”

எத்திராஜ் காதைச் சொறிந்தான்.

அந்தப் பழைய ஃபேக்டரியில் அவளுக்குப் பிரஸ் வேலையைத் தவிர இன்னொரு வேலையும் இருந்தது. வாடிக்கையாளர்கள் திருப்பி அனுப்பும் சாமான்களைக் காரணவாரியாகப் பிரித்து வைப்பது. கிழிந்த ரப்பர் பொய் சொல்லாது என்பது அவளுக்கு அங்கே தெரிந்தது. சரியாக வேகாத ரப்பர் விரலில் பிசுபிசுக்கும். அதிகம் வெந்தது பொரிந்து விரியும். பசை சரியில்லையென்றால் ரப்பர் தோல் உரிவதுபோலக் கழன்று இரும்பு பளபளவென்று தெரியும். எண்ணெயோ கிரீஸோ பட்டால் ஊறிய அப்பளம் மாதிரி உப்பிவிடும்.

அவள் நகத்தால் அழுத்திப் பார்த்தாள். முகர்ந்து பார்த்தாள்.

“கிரீஸ் போட்டியா?”

“அய்ய, நீதான் சோப்புத் தண்ணின்னு சொன்னியே. உன் சோப்புத் தண்ணிதான் போட்டேன். எங்கூட்டு சோப்பு.”

உண்மைதான். உப்பல் இல்லை. இரும்பு எங்கும் வெறுமையாகத் தெரியவில்லை; ரப்பர் இரண்டு குழாயையும் விடாமல் பிடித்திருந்தது. கிழிந்தது நடுவில். அதுவும் நேராக இல்லை. ஈரத் துணியைப் பிழிந்தால் வரும் மடிப்பு போலச் சாய்வாக ஓடியிருந்தது. இன்னொன்றை எடுத்தாள். அதிலும் அதே சாய்வு. ஆறிலும்.

“எத்திராஜு, இது நசுங்கிக் கிழியல. முறுக்கிக் கிழிஞ்சிருக்கு.”

“கார்ல நான் உக்காந்து முறுக்கிகினு கீறேனா?”

“நாளைக்கு உன் ஷெட்டுக்கு வரேன். எப்டி மாட்னியோ அப்டியே ஒரு தரம் மாட்டிக் காட்டு.”

எத்திராஜின் ஷெட் குமணன்சாவடி தாண்டி, பெங்களூர் ரோட்டின் ஓரத்தில் இருந்தது. ஒரு வருஷம் முன்புவரை பூந்தமல்லியில் லாரிப் பட்டறையில் இருந்தவன். இப்போதுதான் தனியாக ஷெட் போட்டிருந்தான். பச்சைக் கார் அங்கே, வண்டியைத் தூக்கி நிறுத்தும் இரும்புக் குதிரைகளின் மேல் நின்றது. முன் சக்கரங்கள் இரண்டும் அந்தரத்தில் தொங்கின.

பூங்காவனம் கொண்டுவந்திருந்த, கிழியாமல் மிஞ்சிய புஷ் ஒன்றை அவன் இரும்புக் கையில் பொருத்தி, போல்ட்டை நுழைத்து, நீள ஸ்பேனரில் தொங்காத குறையாக முடுக்கினான். நல்ல வேலைக்காரன் என்பது கை ஓடுவதிலேயே தெரிந்தது. துரு தட்டிய இடங்களைத் தேய்த்திருந்தான், மரை தேய்ந்த நட்டுகளை மாற்றியிருந்தான்.

“அவ்ளோதான். அப்பால ஜாக்கிய எறக்கி வீட்டுக்கு அனுப்பிச்சிடுவேன்.”

பூங்காவனம் குனிந்து தொங்கும் சக்கரத்தைப் பார்த்தாள். இரும்புக் கை சரிவாகத் தரையை நோக்கி இறங்கியிருந்தது.

“இது இப்டி தொங்க சொல்லோவேவா முடுக்குவ?”

“பின்ன? எறக்கிட்டா முடுக்குவாங்க?” எத்திராஜ் சிரித்தான். “யக்கா, லாரியில இது தெரியாம ஒருத்தன் வேலைக்கே வர முடியாது. துலுக்கானம்னு ஒருத்தர் எங்க பட்டறையில. நட்டு லூசா கீறப்பவே ஜாக்கிய எறக்கினாரு. ரெண்டு வெரலு போச்சு. அன்னிலேந்து எல்லாத்தையும் முடுக்கிட்டுத்தான் நான் ஜாக்கில கையே வைப்பேன்.”

தப்பு எங்கே இருக்கிறதென்று அவளுக்கு அப்போது புரிந்துவிட்டது. ஆனால் விரல் போனவரை வைத்துக் கற்ற பாடத்தை எடுத்த எடுப்பில் தப்பென்று சொல்ல அவளுக்கு மனம் வரவில்லை. பையிலிருந்து ஒரு புது புஷ்ஷையும் சாக்பீஸையும் எடுத்தாள்.

“உன் லாரியில கீலு எப்டி?”

“பித்தள புஷ்ஷு, நடுவுல பின்னு, கிரீஸ்.”

“பின்னு உள்ள வழுக்கிகினே சுத்தும். அதனால நீ எங்க வச்சு முடுக்குனாலும் அதுக்குக் கவலை இல்ல. இதுல எது வழுக்கும் சொல்லு?”

அவன் புஷ்ஷைத் திருப்பிப் பார்த்தான். உள் குழாய் போல்ட்டோடு சேர்ந்து காரின் சட்டத்தில் இறுகிவிடும். வெளிக் குழாய் இரும்புக் கையில் இறுகியிருக்கும். நடுவில் ரப்பர் இரண்டையும் ஒட்டியிருக்கும்.

“எதுவும் வழுக்காது.”

“வழுக்கவே கூடாது. ரப்பரே கொஞ்சம் முறுக்கிக் குடுத்து, திரும்ப நேராவும். அதான் இதுல வேலை.” அவள் புஷ்ஷின் முகத்தில், உள் குழாயிலிருந்து வெளிக் குழாய்வரை ரப்பரின் மேல் ஒரு நேர்கோடு இழுத்தாள். உள் குழாயை போல்ட் போட்டு, மேசையில் பூட்டியிருந்த வைஸின் இரும்புத் தாடையில் இறுக்கினாள். வெளிக் குழாயைக் குழாய் ஸ்பேனரால் பிடித்து, கைப்பிடியைக் கீழ்நோக்கி வைத்தாள். “இது தொங்குற வீலு. இங்க முடுக்கிட்ட. கோடு நேரா கீதா? இப்ப வண்டிய எறக்கு.”

எத்திராஜ் கைப்பிடியைப் பிடித்து மேலே தூக்கினான். நேர்கோடு சாய்ந்தது. இன்னும் தூக்கினான். இன்னும் சாய்ந்தது. கையை விட்டதும் கைப்பிடி சட்டென்று பழைய இடத்துக்கே இறங்கியது.

“வண்டி சும்மா நிக்க சொல்லோவே அது முறுக்கிகினு கீது. பள்ளத்துல வுழுந்தா அதுக்கு மேல முறுக்கும். மூணு வாரம் தாங்கினதே பெருசு.”

எத்திராஜ் கொஞ்ச நேரம் கோட்டையே பார்த்தான். பிறகு தோளைக் குலுக்கினான். “வைஸ்ல நீ இன்னா வேணாலும் காட்டலாம். ரப்பர் செய்யறவ ரப்பர் மேல தப்புன்னு சொல்லுவியா?”

“நட்டு முடுக்குறவன் நட்டு மேல தப்புன்னு சொல்லுவானா?”

இந்த இடத்தில்தான் ஆனந்தன் ஸ்கூட்டரை நிறுத்திவிட்டு உள்ளே வந்தார். இருவரும் ஒரே நேரத்தில் பேசினார்கள். அவர் கையை உயர்த்தி எத்திராஜைப் பார்த்தார்.

“நீ ரப்பர்ங்கறே. அவங்க நட்டுங்கறாங்க. நான் யாரை நம்பறது?”

“யாரையும் நம்ப வேணாம் சார்” என்றாள் பூங்காவனம். “எட்டும் புதுசா ஊத்தித் தரேன். ஒரே கலவை, ஒரே அச்சு. வலது பக்கம் நாலையும் எத்திராஜு அவன் மொறையில முடுக்கட்டும். இடது பக்கம் நாலு என் மொறையில. வண்டிய ஓட்டுங்க. எது கிழியுதோ பாத்துக்கலாம்.”

கொள்முதல் அதிகாரிக்கு இந்தப் பேச்சு பிடித்திருந்தது. “தீபாவளிக்கு முந்தின ஞாயிறு பார்ப்போம். அதுவரைக்கும் ஆர்டர் பேப்பர் என் டிராயர்ல இருக்கட்டும்.”

புரட்டாசி இரண்டாம் ஞாயிறு பொருத்தினார்கள். ஒவ்வொரு புஷ்ஷின் முகத்திலும் பூங்காவனம் வெள்ளைப் பெயின்ட்டில் மெல்லிய கோடு போட்டுக் கொண்டுவந்திருந்தாள். வலது பக்கத்தைச் சக்கரம் தொங்கும்போதே எத்திராஜ் முடுக்கினான். இடது பக்கத்தில் நட்டு கழன்று விழாத அளவுக்குக் கையால் மட்டும் சுற்றினான். பிறகு நான்கு சக்கரத்துக்கும் கீழே பலகைகளை அடுக்கி, துலுக்கானத்தை நினைத்துக்கொண்டே ஜாக்கியை அங்குலம் அங்குலமாக இறக்கினான். தரையில் இறக்கினால் அந்தக் காருக்குக் கீழே பூனைகூடப் போக முடியாது. பலகை மேல் நின்றதால்தான் ஆள் படுத்து வேலை செய்ய இடம் கிடைத்தது.

“இப்ப ரெண்டு பேர் உள்ள உக்காரணும்” என்றாள் பூங்காவனம். “வண்டி ஓட சொல்லோ எப்டி நிக்குமோ அப்டி நின்னாத்தான் முடுக்கணும்.”

ஆனந்தன் ஸ்டியரிங்கின் முன் உட்கார்ந்தார். பக்கத்து சீட்டுக்கு ஆள் இல்லை. முனியம்மா வாயில் வெற்றிலையோடு, புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு ஏறினாள்.

“எங்க போறோம் சார்?” என்றாள்.

“எங்கயும் இல்லம்மா.”

“அப்ப மெதுவாவே ஓட்டுங்க.”

ரோட்டில் போன பஸ்ஸின் ஜன்னல் முழுக்கத் தலைகள் திரும்பின. காருக்கு அடியில் எத்திராஜின் சிரிப்பு கேட்டது; சிரித்துக்கொண்டே இடது பக்கம் நான்கையும் முடுக்கினான். அவர்கள் இறங்கும் முன் பூங்காவனம் டார்ச் அடித்து அவனுக்குக் காட்டினாள். இடது பக்கத்து நான்கு கோடும் நேராக நின்றன. வலது பக்கத்து நான்கும் காற்றில் சாய்ந்த நாற்று மாதிரி சாய்ந்திருந்தன. எத்திராஜ் அவற்றை வெகுநேரம் பார்த்தான். இறங்கிய பிறகு ஆனந்தனும் குனிந்து பார்த்தார்.

“அடுத்த சனிக்கிழமை வீட்டுல கூட்டிக்கிட்டு இதுலயே திருப்பதி போறேன்” என்றார் ஆனந்தன், துணியில் கையைத் துடைத்தபடி. “மலை ஏறி இறங்கினா சீக்கிரம் தெரிஞ்சுடும்.”

மூன்று வாரங்கள் பூங்காவனத்துக்கு நகர மறுத்தன. ஆயுத பூஜைக்குப் பிரஸ்ஸைத் துடைத்துப் பொட்டு வைத்தபோது, அடுத்த வருஷம் இதற்கு யார் பொட்டு வைப்பார்களோ என்று நினைத்தாள். வலது பக்கம் கிழிய வேண்டும் என்று வேண்டிக்கொள்வது சரியா என்றும் அவளுக்குத் தெரியவில்லை. அந்தக் காரில் ஒரு பெண்மணி உட்கார்ந்து மலை ஏறப்போகிறாளே.

ஆனந்தன் முந்தின நாளே விட்டுப் போயிருந்த கார், குறித்த ஞாயிறன்று மறுபடி பலகைகளின் மேல் நின்றது. ஆனந்தன் குனிந்து இடது பக்கம் பார்த்தார். நான்கும் நன்றாக இருந்தன. வலது பக்கம் போனார். கடப்பாரையை நுழைத்து எத்திராஜ் நெம்பிக் காட்டினான். ஆட்டம் இல்லை. கிழிசல் இல்லை. நான்கும் நன்றாக இருந்தன.

ஆனந்தன் நிமிர்ந்தார். முகத்தில் சந்தோஷம் இல்லை, கணக்கு ஒத்துவராதவரின் யோசனைதான் இருந்தது.

“ரெண்டு பக்கமும் தாங்குது. அப்படின்னா எப்படி முடுக்கினாலும் ஒண்ணுதான், இல்லையா? அப்ப முதல் தடவை கிழிஞ்சதுக்கு ஒரே காரணம்தான் பாக்கி. அந்த ரப்பர்.” அவர் பூங்காவனத்தின் பக்கம் திரும்பினார். குரலைத் தாழ்த்திக்கொண்டார். “இந்தத் தடவை நல்லா பண்ணியிருக்கேம்மா, இல்லைன்னு சொல்லலை. ஆனா ஒரு தடவை நல்லா, ஒரு தடவை மோசமாங்கற ரப்பரை நான் பம்புல போட முடியாது.”

அவளே கேட்ட பரீட்சை அவளையே தோற்கடித்துவிட்டது. ஆனால் அது எப்படி முடியும்? சாய்ந்த ரப்பர் மலை ஏறி இறங்கி மூன்று வாரம் கீறல்கூட இல்லாமல் இருக்க வழியே இல்லை. அவள் டார்ச்சை வாங்கிக்கொண்டு காருக்கு அடியில் படுத்தாள்.

வலது பக்கத்து முதல் கோடு நேராக இருந்தது. இரண்டாவதும் நேராக இருந்தது. மூன்றாவது, நான்காவது, எல்லாமே.

சாய்ந்த கோடு தானாக நிமிராது. ரப்பர் உள்குழாயை விடவும் இல்லை, வெளிக்குழாயை விடவும் இல்லை. அப்படியென்றால் வண்டி தன் எடையில் நின்றிருக்கும்போது யாரோ நட்டைத் தளர்த்தி, ரப்பரை இஷ்டம்போல நேராக விட்டு, மறுபடி முடுக்கியிருக்க வேண்டும். அந்த இங்கிலீஷ் அளவு நட்டுகளுக்குப் பொருந்தும் ஸ்பேனர் இந்த ஷெட்டில் மட்டும்தான் இருந்தது.

அவள் வெளியே வந்து எத்திராஜைப் பார்த்தாள். அவன் கடப்பாரையைச் சுவரில் சாய்த்து வைத்துவிட்டு, அது விழாமல் இருக்கிறதா என்று வெகு கவனமாகப் பார்த்துக்கொண்டிருந்தான்.

சொல்லிவிடலாம். கோடு இருக்கிறது, காட்டினால் போதும். ஆனால் காட்டினால், சாரின் காரில் அவர் சொன்னதற்கு மாறாகக் கை வைத்தவன் என்று இவன் பெயர் கெடும். ஷெட் போட்டு ஒரு வருஷம்தான் ஆகிறது. கார் என்று வந்த ஒரே வாடிக்கை இவர்தான். காட்டாவிட்டால் தன் ஷெட் போய்விடும். அவள் வாயைத் திறந்தாள்.

“சார்” என்றான் எத்திராஜ், அவளை முந்திக்கொண்டு. “வலது பக்கம் நான் முடுக்கினபடி இல்ல.”

“என்னது?”

“புஷ் மாட்ன மறுநா காலைல கார்ப்பரேட்டர்ல பெட்ரோல் ஒழுகுதுன்னு வண்டிய வுட்டுட்டு ஆபீஸ் போனீங்கோ. அன்னிக்குப் பலகை மேல நிறுத்தி, ரெண்டு சீட்டுலயும் மணல் மூட்டைய வச்சி, வலது பக்கத்தையும் அக்கா சொன்ன மாதிரி லூஸ் பண்ணி முடுக்கிட்டேன்.”

ஆனந்தனுக்குக் கோபம் வந்தது தெரிந்தது. “பரீட்சைன்னு சொல்லித்தானே வச்சோம்? யாரைக் கேட்டுப் பண்ணினே?”

“யாரயும் கேக்கல சார். கோடு சாஞ்சி கீறத கண்ணால பாத்துட்டேன். நீங்கோ அம்மாவ இட்டுகினு மலைக்குப் போறேன்றீங்கோ. அது தப்புன்னு தெரியாத வரைக்கும் தப்பா முடுக்கிட்டேன். தெரிஞ்சிகினே எப்டி சார் தப்பா முடுக்கி அனுப்புறது? எனக்கு அன்னிக்கு சோறே எறங்கல.” அவன் பூங்காவனத்தைப் பார்க்காமல் சொன்னான். “ரப்பர் மேல ஒண்ணும் இல்ல சார். மொத தபா கிழிஞ்சது என்னாலதான். நான் லாரிக்காரன். வழுக்குறதுதான் தெரியும், முறுக்குறது தெரியாது.”

ஆனந்தன், வேட்டி கறைபடுவதையும் பார்க்காமல் தரையில் படுத்தார். பூங்காவனம் டார்ச் பிடித்தாள். எட்டுக் கோடுகளையும் அவர் ஒவ்வொன்றாகப் பார்த்தார். அன்று சாய்ந்திருந்தது அவருக்கும் நினைவிருந்தது.

எழுந்து உட்கார்ந்தபோது, “மணல் மூட்டையா வச்சே?” என்று மட்டும் கேட்டார்.

“முனியம்மா அளவுக்கு வெயிட்டு பாத்துத்தான் சார் வச்சேன்.”

ஆனந்தன் சிரிக்காமல் இருக்கப் பார்த்தார், முடியவில்லை. “நாளைக்குக் கம்பெனிக்கு வாம்மா, கப்ளிங் டிராயிங் தர்றேன். முதல் நூறு ரப்பரை நானே நின்னு பார்ப்பேன்.” ஸ்கூட்டர் சாவியை எடுத்துக்கொண்டு, எத்திராஜிடம் திரும்பினார். “பின் பக்கமும் புஷ் போயிருக்குன்னு சொன்னியே, அது எப்ப?”

“வண்டிய இங்கயே வுட்டுட்டுப் போறீங்களா சார்?”

“வேற எங்க விடறது?”

அவர் போன பிறகு எத்திராஜ் கைகளைப் பெட்ரோலில் கழுவினான். தேவைக்கு மேல் வெகுநேரம் கழுவினான்.

“வாடா” என்றாள் பூங்காவனம்.

“எங்கக்கா?”

“அம்பத்தூருக்கு. டீக்கடைக்கு. எங்க பேரு வச்சியோ அங்க வந்து எடு.”

மாலை எஸ்டேட் டீக்கடையில் கூட்டம் இருந்தது. மாஸ்டர் அவளைப் பார்த்ததும், “கொழுக்கட்டை அக்கா, டீயா காபியா?” என்றார். நான்கு பேர் சிரித்தார்கள். எத்திராஜ் பெஞ்சில் கிடந்த துண்டை எடுத்து, ஒரு முனையை மாஸ்டரின் கையில் திணித்தான்.

“கெட்டியா புடிச்சிக்கோ மாமே. இதான் வண்டி. இந்தாண்ட முனை வீலு. இப்ப நான் முறுக்க சொல்லோ—”

“வீல முறுக்க மாட்ட” என்றாள் பூங்காவனம் டீயை ஊதியபடி. “அந்த இரும்புக் கையத்தான். மொதல்லேந்து சொல்லு.”

எத்திராஜ் துண்டை உதறிவிட்டு முதலிலிருந்து ஆரம்பித்தான்.